அமர்வதற்கு ஓர் இருக்கை
(ஜும்ஆ உரை)

 



மனிதர்களில் பெரும்பாலோர் மதிப்பறியாமல் இழந்துவிடும் அருட்கொடைகள் இரண்டு என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததைத் தாங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஒன்று உடல்நலம், மற்றொன்று ஓய்வு நேரம். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் இடம்பெற்றுள்ளது. இதனை விளக்கும்போது பெரும்பாலும் நோயாளியையும் சோம்பேறியையுமே நாம் மனத்தில் கொள்கிறோம். ஆனால் இவ்விரு அருட்கொடைகளும் ஒருசேரக் கரைந்து போகும் இடம் ஒன்று உண்டு. அது நாம் வேலை செய்யும் இடம். காலை எட்டு மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பும் ஒருவருக்கு ஓய்வு நேரம் எங்கிருந்து வரும்? அவருடைய உடல்தான் எத்தனை ஆண்டுகள் தாங்கும்? இன்று அதனைப் பற்றியே தங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

கோவில்பதாகையைச் சுற்றியுள்ள நம் பகுதி உழைப்பாளிகளின் பகுதி. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் ராணுவ உடைத் தொழிற்சாலையும் 1961இல் நிறுவப்பட்டவை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் உருவானது. இவற்றை நம்பி வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கு ஏராளம். ‘டேங்க் ஃபேக்டரி’ என்று நாம் அழைக்கும் அந்த ஆலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு மருத்துவமனை இருந்தது, உணவகம் இருந்தது, வேலைக்கு நேர அளவு இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. ஒருவர் லேத் பட்டறையில் இருக்கிறார். ஒருவர் பிரியாணிக் கடையில். ஒருவர் கைப்பேசிக் கடையில். ஒருவர் ஆவடியில் ரயிலேறிப் பாடிக்கும் தியாகராய நகருக்கும் ஜவுளிக்கடை வேலைக்குச் செல்கிறார். எட்டுப் பேர், பத்துப் பேர் வேலை செய்யும் சிறிய இடங்கள் இவை. மருத்துவரும் இல்லை, சங்கமும் இல்லை, சங்கு ஊதி வீட்டுக்கு அனுப்புவாரும் இல்லை. முதலாளியின் மனச்சாட்சி ஒன்றுதான் அங்கே சட்டம்.

பள்ளிவாசலில் பெருகும் நாற்காலிகள்

இமாமாக நிற்பவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்போம். முன்பெல்லாம் பள்ளிவாசலில் ஓரிரு நாற்காலிகள் இருக்கும். வயது முதிர்ந்த பெரியவர்கள் அவற்றில் அமர்ந்து தொழுவார்கள். இன்று பல பள்ளிகளில் ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலிகளே ஒரு வரிசையாகிவிட்டன. அமர்ந்திருப்பவர்களில் நரைக்காத தலைகளும் தென்படுகின்றன. நாற்காலியில் தொழுவதன் மஸ்அலா கேட்டு வந்த ஒரு சகோதரருக்கு வயது 40கூட நிறைவடையவில்லை. கணுக்கால் இரண்டும் வீங்கி, கெண்டைக்காலில் நரம்பு புடைத்து நீலம் பாரித்திருந்தது. என்ன தொழில் என்று விசாரித்தேன். ஜவுளிக்கடையில் விற்பனையாளர், 16 ஆண்டுகள். கடை திறந்தது முதல் அடைக்கும் வரை நிற்க வேண்டும். “அங்கே உட்காரலாமா?” என்று கேட்டேன். சிரித்தார். “உட்கார்ந்தால் கேமராவில் தெரியும், ஹஜ்ரத்” என்றார்.

சகோதரர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். நிற்பது தொழுகையின் ஃபர்ளுகளில் ஒன்று. படைத்த இறைவன் தன் முன்னிலையில் நிற்குமாறு கட்டளையிட்ட அந்தத் தொழுகையிலேயே, இயலாதவர் அமர்ந்துகொள்ள அனுமதி தந்துவிட்டான். மூல நோயால் அவதியுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள், தாம் எவ்வாறு தொழுவது என்று கேட்டார்கள். நின்று தொழவும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நபி (ஸல்) அவர்கள் அவருக்கு வழி காட்டினார்கள். இது புகாரியில் உள்ளது. அல்லாஹ்வின் சந்நிதியில் அமரத் தடையில்லாத மனிதர், துணிக் கட்டுகளின் முன்னால் அமரத் தடை!

நோயாளிக்கு மட்டும்தான் இச்சலுகையா என்று யாரேனும் கேட்கலாம். மஸ்ஜிதுந் நபவியில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதை நபி (ஸல்) அவர்கள் ஒரு முறை கண்டார்கள். அது என்னவென்று கேட்டபோது, நின்று தொழும் அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் களைப்படையும்போது பிடித்துக்கொள்ளக் கட்டியது என்று சொல்லப்பட்டது. அண்ணலார் அக்கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகமுள்ளவரை நிற்கட்டும், களைத்துவிட்டால் அமரட்டும் என்பதே அவர்கள் தந்த அறிவுரை. அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. இங்கே நோய் பற்றிய பேச்சே இல்லை, வெறும் களைப்புதான். களைத்த உடல் தன்னை வருத்திக்கொண்டு நிற்பதை இறைவணக்கத்தில்கூட நபியவர்கள் விரும்பவில்லை.

முஆத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியும் தாங்கள் அறிந்ததே. அவர்கள் தம் கூட்டத்தாருக்கு இரவுத் தொழுகையை நடத்தும்போது அல்பகரா எனும் நெடிய அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார்கள். நாள் முழுவதும் நீர் சுமக்கும் ஒட்டகங்களோடு உழைத்துவிட்டு வந்த ஓர் அன்சாரித் தோழர், தாங்க முடியாமல் விலகித் தனியே தொழுதுவிட்டுப் போய்விட்டார். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. கண்டிக்கப்பட்டவர் அந்தத் தொழிலாளி இல்லை, இமாம்தான் கண்டிக்கப்பட்டார். பின்னால் நிற்பவர்களில் முதியவரும் பலவீனரும் வேலையுள்ளவரும் இருக்கிறார்கள் என்பதை முஆத் அவர்களுக்கு அண்ணலார் கடுமையாகவே உணர்த்தினார்கள். எங்களைப் போன்ற ஹஜ்ரத்மார்களும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது!

இன்னும் ஒன்று. இதோ இந்த மிம்பரில் நிற்கும் கதீப், இரண்டு குத்பாக்களுக்கிடையே சற்று அமர்ந்து எழுகிறார். ஹனஃபி மத்ஹபில் அது சுன்னத். ஷாஃபிஈ மத்ஹபில் அதுவின்றிக் குத்பாவே நிறைவேறாது. ஒவ்வொரு வெள்ளியும் இதனைக் கண்ணால் காண்கிறோம். இதற்குரிய மார்க்க விளக்கங்கள் வேறு. எனினும், சில நிமிடங்களே நின்று பேசுகிறவருக்கு ஓர் அமர்வை வைத்த மார்க்கத்தைச் சேர்ந்த நாம், 12 மணி நேரம் நிற்பவருக்கு ஒரு முக்காலி போட யோசிக்கலாமா?

சட்டம் வந்தது, முக்காலி வரவில்லை

நீண்ட நேரம் அசையாமல் நின்றால் உடலில் என்ன நிகழ்கிறது? இதயத்திலிருந்து காலுக்கு இறங்கிய இரத்தம் மீண்டும் மேலே ஏற வேண்டும். கால் நரம்புகளுக்குள் சிறு சிறு கதவுகள் போன்ற அமைப்புகளை அல்லாஹ் வைத்திருக்கிறான். மேலேறிய இரத்தம் கீழே வழியாமல் அவை தடுக்கின்றன. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்பவருக்கு அந்தத் தசை வேலை செய்வதில்லை. இரத்தம் தேங்குகிறது, கதவுகள் தளர்கின்றன, நரம்பு புடைத்துச் சுருள்கிறது. வெரிகோஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதனைத்தான். முற்றிவிட்டால் ஆறாத புண்ணாகிறது. இதற்கான முன்தடுப்பு கோடி ரூபாய் இயந்திரம் ஏதுமில்லை. அவ்வப்போது உட்காருவது, சற்று நடப்பது, காலை நீட்டி மடக்குவது, அவ்வளவே.

பெண்களின் நிலை இன்னும் வேதனையானது. கடையில் கழிப்பறை இராது. இருந்தாலும் அடிக்கடி செல்லத் தடை இருக்கும். ஆகவே அவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று நோய்க்கு ஆளாகிறார்கள். கேரளத்தின் கோழிக்கோட்டில், வணிகத்துக்குப் பேர்போன மிட்டாய்த் தெருவில், தையல் தொழிலாளியான விஜி என்னும் பெண்மணி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியாக எழுப்பிய முதல் கோரிக்கை கழிப்பறைதான். அதன் பிறகே உட்காரும் உரிமைக்கான போராட்டம் வந்தது. 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவரப்பட்டு, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது பணியாளர்கள் அமர்ந்துகொள்ள இருக்கை அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஓர் அரசு சட்டம் இயற்றித்தான் மனிதன் மனிதனை உட்காரச் சொல்ல வேண்டியிருக்கிறது! சரி, சட்டம் வந்ததே, இருக்கை வந்ததா? தாங்கள் அடுத்த முறை ஒரு கடைக்குள் நுழையும்போது சற்றுக் கவனியுங்கள். சில இடங்களில் வந்திருக்கிறது. அந்த முதலாளிகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. சில இடங்களில் முக்காலிகள் இருக்கின்றன, அவற்றின் மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இதில் வாடிக்கையாளர்களாகிய நமக்கும் பங்குண்டு. நாம் உள்ளே நுழையும்போது விற்பனையாளர் அமர்ந்திருந்தால், மரியாதை தெரியாதவர் என்று முகம் சுளிக்கிறோம். அந்தச் சுளிப்புக்கு அஞ்சியே முதலாளி அவரை நிறுத்தி வைக்கிறார்.

வேலை நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. நாமும் அதனை எதிர்த்துப் பேசினோம். ஆனால் எந்த மசோதாவும் இல்லாமலேயே நம் கடைகளில் 12 மணி நேரம் எப்போதோ வழக்கமாகிவிட்டது. அதனைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

ஒட்டகத்தின் முறையீடு

நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்திற்குள் சென்றார்கள். அங்கே நின்ற ஓர் ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகிக் கண்ணீர் வடித்தது. அண்ணலார் அருகில் சென்று அதனைத் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தினார்கள். பிறகு உரிமையாளரை வரவழைத்து, அவர் அதனைப் பட்டினி போடுவதாகவும் ஓயாமல் வேலை வாங்கிக் களைப்படையச் செய்வதாகவும் அது முறையிடுவதாகச் சொல்லி, அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு கண்டித்தார்கள். அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது.

அந்த உரிமையாளர் காஃபிர் அல்லர், ஸஹாபி. தொழுகையாளிதான். அவர் ஒட்டகத்தை அடித்ததாகவும் ஹதீஸில் இல்லை. உணவில் குறை வைத்தார், வேலையில் மிகை வைத்தார். அந்த இரண்டுக்கே அந்தக் கண்டனம் என்றால், நம்மிடம் வேலை செய்யும் பனீ ஆதமின் நிலை குறித்து நாம் எவ்வளவு அஞ்ச வேண்டும்! ஒட்டகத்துக்காவது அன்று முறையிட ஒரு வாய்ப்புக் கிடைத்தது. நம் கடைச் சிறுவன் யாரிடம் சொல்வான்?

பணியாளர்களை அல்லாஹ் நம் பொறுப்பில் விட்ட சகோதரர்களாகவே நபியவர்கள் அடையாளம் காட்டினார்கள். தான் உண்பதிலிருந்து அவருக்கும் உணவளிக்க வேண்டும். தான் உடுத்துவதிலிருந்து உடுத்தக் கொடுக்க வேண்டும். சக்திக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது. ஏற்றினால் தானும் கைகொடுக்க வேண்டும் என்பன அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸின் கட்டளைகள். இதனை நாம் மேடைகளில் சமத்துவத்திற்குச் சான்றாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். அதே ஹதீஸை ஒரு பட்டறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். குடிக்கிற தண்ணீர், சாப்பிடுகிற நேரம், தூக்குகிற எடை ஆகிய அனைத்தும் அதற்குள் வந்துவிடும். முதலாளிக்கு மினரல் வாட்டரும் தொழிலாளிக்குப் பாசி பிடித்த தொட்டித் தண்ணீரும் இருக்கும் இடத்தில், அந்த ஹதீஸ் இன்னும் நுழையவில்லை என்றே பொருள்.

தோல் தொழில் நம் சமுதாயம் பெரிதும் ஈடுபட்டுள்ள தொழில். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பெருக்கெடுத்த நச்சுச் சேறு, பக்கத்துத் தோல் கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவர் ஏன் இடிந்தது என்பது பொறியாளர்களின் விவகாரம். வேலை செய்யும் கூடத்திலேயே அவர்கள் ஏன் படுத்துறங்க வேண்டியிருந்தது என்பது நம் விவகாரம். இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் வடமாநிலத்துப் பிள்ளைகள் பட்டறையின் இயந்திரங்களுக்கிடையே, ரசாயன டப்பாக்களின் அருகே, காற்றோட்டமில்லாத மாடியறையில் உறங்குகிறார்கள். வாடகை மிச்சம் என்று அவர்களும், காவலுக்கு ஆள் ஆயிற்று என்று நாமும் எண்ணுகிறோம். தீங்கை அகற்ற வேண்டும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்று என மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அந்த மாடியறைக்கும் அவ்விதி பொருந்தும்.

தெரியாமல் வளரும் நோய்

நிற்பதாலும் சுமப்பதாலும் வரும் நோய் வெளியே தெரியும். தெரியாமல் வளரும் நோய்கள் இரண்டு உண்டு: சர்க்கரையும் இரத்த அழுத்தமும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட பெரும் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று கணித்தது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேர் என்றது அது. 21 பேர் நிற்கும் ஒரு ஸஃப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மூவரில் தமக்கு அந்நோய் இருப்பதை அறியாதவரும் இருக்கக்கூடும். வேலைக்குச் செல்கிறவருக்குப் பரிசோதனைக்கு நேரமில்லை. ஒருநாள் விடுப்பு எடுத்தால் ஒருநாள் சம்பளம் போய்விடும். பாதத்தில் புண் வந்து ஆறாதபோதுதான் மருத்துவமனைக்குப் போகிறார்.

இதனை உணர்ந்தே, வீடு தேடி மருத்துவம் அளிக்கும் திட்டத்தை 2021இல் தொடங்கிய தமிழக அரசு, 2024 ஜனவரியில் அதனைப் பணியிடங்களுக்கும் விரிவுபடுத்தியது. 711 தொழிற்சாலைகளில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு, அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை செய்வது என்பது திட்டம். 2025 நவம்பர் 21 அன்று நாடெங்கும் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், 40 வயதைக் கடந்த தொழிலாளிக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடற்பரிசோதனை அளிப்பதை முதலாளியின் கடமையாக்கியுள்ளன. அத்தொகுப்புகள் மீது தொழிற்சங்கங்களுக்குப் பல மனக்குறைகள் உண்டு. அந்த விவாதம் இங்கு வேண்டாம். இந்த ஓர் அம்சம் நல்லது. ஆனால் பட்டியலில் இடம்பெறும் பெரிய ஆலைகளுக்கு வாகனம் வந்துவிடும். ஆறு பேர் வேலை செய்யும் நம் பிரியாணிக் கடைக்கு யார் வருவார்?

அடுத்து இ.எஸ்.ஐ. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களுக்கு உரியது இது. 2017 முதல் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய் என வைக்கப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் முக்கால் சதவீதம். முதலாளியின் பங்கு மூன்றேகால் சதவீதம். 15,000 ரூபாய் சம்பளமுள்ள ஒருவருக்கு இருவர் பங்கும் சேர்ந்து மாதம் சுமார் 600 ரூபாய் ஆகும். அதற்கு ஈடாக அவருக்கும் மனைவி மக்களுக்கும், அவரைச் சார்ந்த பெற்றோருக்கும் மருத்துவம் கிடைக்கிறது. நோயுற்றுப் படுத்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. வரிசை நீளம் என்று குறை சொல்வோம். அந்த வரிசையில் நிற்கும் உரிமைகூட இல்லாதவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதில் நடக்கும் தில்லுமுல்லுகள் தாங்கள் அறியாதவை அல்ல. 14 பேர் வேலை செய்யும் கடையில் பதிவேட்டில் ஒன்பது பேர். ஐந்து பேர் ‘சொந்தக்காரப் பையன்கள்’. இன்னும் சிலர் தொழிலாளியின் பங்கைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கட்டாமலே இருந்துவிடுகிறார்கள். அது திருட்டா, கியானத்தா என்று என்னிடம் ஒருவர் ஃபத்வா கேட்டார். எப்பெயரிட்டு அழைத்தாலும் அந்தப் பணத்தில் செய்யும் உம்ராவைப் பற்றி நான் அஞ்சுகிறேன்.

தொழிலாளிச் சகோதரரே, தங்களிடமும் சில சொற்கள்

இதுவரை முதலாளிகளைப் பேசியதில் தங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கலாம். உடல் தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். முதலாளியிடம் மட்டும் இல்லை. தன்னைத் தானே அழிவுக்குள் தள்ளிக்கொள்வதை அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தில் தடுத்திருக்கிறான். இரவு வேலையில் தூக்கம் வராதிருக்க உதட்டுக்குள் ஹான்ஸ் வைக்கும் பழக்கம் நம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. குட்காவும் மெல்லும் புகையிலையும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை செய்யப்பட்டிருந்தும் பெட்டிக்கடையில் கைமாறுகின்றன. அதனை விற்பவரும் சில இடங்களில் நம்மவரே என்பதை வெட்கத்துடன் சொல்ல வேண்டியுள்ளது. வாய்ப் புற்றுநோய் வந்த பிறகு மருத்துவ உதவிக்கு ஜமாஅத் கடிதம் கேட்டு வருகிறார்கள். கடிதம் தருகிறோம், கண்ணீரும் வடிக்கிறோம்.

தேநீரையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் ஏறத்தாழ 50 கிராம். கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள உச்ச அளவை அது ஏறக்குறையத் தொட்டுவிடுகிறது. பாதியாகக் குறைப்பது இன்னும் நல்லது என்கிறது அந்நிறுவனம். சமோசாவும் மதியப் பிரியாணியும் தனிக் கணக்கு. வயிற்றை மூன்றாகப் பகுத்து உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் விடுமாறு போதித்த நபியின் உம்மத் நாம்.

மாத்திரையை நிறுத்திவிட்டு ‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்போருக்கும் ஒரு செய்தி. ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நலம் விசாரிக்கச் சென்ற நபி (ஸல்) அவர்கள், நெஞ்சில் கைவைத்துப் பார்த்து, ஸகீஃப் குலத்தைச் சேர்ந்த ஹாரிஸ் பின் கலதா என்னும் மருத்துவரிடம் செல்லுமாறு கூறினார்கள். இதுவும் அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. நபியின் கரம் நெஞ்சில் பட்ட பிறகும் மருத்துவரிடம் அனுப்பப்பட்டார் அந்த ஸஹாபி!

அத்துடன், பொய்யான மருத்துவச் சான்றிதழ் வாங்கி விடுப்பு எடுப்பதும் ஹராம்தான். அது முதலாளியை மட்டும் ஏமாற்றுவதில்லை. நாளை உண்மையாகவே நோயுறும் தங்கள் தோழரின் பேச்சை நம்பமுடியாமல் செய்துவிடுகிறது.

பள்ளிவாசலும் ஒரு பணியிடம்

இதனைச் சொல்லச் சற்றுத் தயக்கம் உண்டு. ஆயினும் சொல்லாவிடில் இந்த உரை நேர்மையற்றதாகிவிடும். ஜமாஅத்தும் ஒரு முதலாளி. ஃபஜ்ருக்கு முன் எழுந்து இஷாவுக்குப் பின் கதவடைக்கும் முஅத்தினுக்கு வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு தரும் பள்ளிகள் எத்தனை? ஹவ்ளு கழுவி, கழிப்பறை சுத்தம் செய்பவருக்குக் கையுறை வாங்கிக் கொடுத்த நிர்வாகம் எத்தனை? ஆசிட் வாசனையில் இருமிக்கொண்டே வேலை செய்கிறார் அவர். மினாராவுக்கு லட்சங்கள் திரட்டும் நாம், மினாராவில் ஒலிக்கும் குரலுக்குரியவரின் இரத்த அழுத்தம் என்னவென்று கேட்பதில்லை. தமிழக அரசு உலமாக்கள் மற்றும் பணியாளர்களுக்கென 2009இல் நல வாரியம் ஒன்றை அமைத்தது. தங்கள் பள்ளியின் பணியாளர்கள் அதில் பதிவு பெற்றிருக்கிறார்களா என்று இன்றே முத்தவல்லியிடம் கேளுங்கள். கேட்பது தங்கள் உரிமை. சந்தா செலுத்தும் ஒவ்வொருவரும் அந்த முதலாளித்துவத்தில் பங்குதாரர்தாம்.

பள்ளிவாசல் செய்யக்கூடிய வேறொன்றும் உண்டு. அகழ்ப் போரில் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள் கையில் அம்பு பாய்ந்து காயமுற்றபோது, அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக மஸ்ஜிதுந் நபவியின் உள்ளேயே அவர்களுக்குக் கூடாரம் அமைக்கப்பட்டது. காயமுற்றோருக்கு மருத்துவம் பார்த்த ருஃபைதா (ரலி) அம்மையாரிடம் அவர்கள் ஒப்படைக்கப்பட்டார்கள். பள்ளிவாசலுக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. அரசின் வாகனம் வராத சிறு கடைக்காரரும், பட்டறைக்காரரும், வாகன ஓட்டியும் வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் ஒன்று கூடும் இடம் இதுவே. மூன்று மாதத்துக்கொரு வெள்ளி, தொழுகை முடிந்ததும் முற்றத்தில் இரண்டு மேசை போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரை அழைத்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கலாம். ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். பெண்களுக்கு மதரஸாவில் தனியிடம் ஒதுக்கலாம். கோவில் தெரு நண்பர்களும் தேவாலயத்து நண்பர்களும் வந்தால் அவர்களையும் அன்போடு வரவேற்கலாம். சர்க்கரைக்கு மதம் கிடையாது. பெரும் செலவு எதுவுமில்லை. ஒரு வலீமாவில் மீந்து கொட்டப்படும் பிரியாணியின் விலைகூட ஆகாது.

கடை வைத்திருக்கும் சகோதரர்கள் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பும்போது அந்த முக்காலியின் மேலுள்ள அட்டைப் பெட்டியை இறக்கி வையுங்கள். முக்காலி இல்லாதவர்கள் ஒன்று வாங்குங்கள். குடிதண்ணீர்க் குவளையைத் தங்கள் கையாலேயே ஒருமுறை கழுவிப் பாருங்கள். கடைப் பையனிடம் கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தாய் என்று கேளுங்கள். கல்லாப்பெட்டியின் முன் 14 மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாங்களும் அவனோடு சேர்ந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதலாளிக்கு உட்காரும் நோய், தொழிலாளிக்கு நிற்கும் நோய் என்று மருத்துவ நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். அதில் உண்மை இல்லாமலில்லை.

யா அல்லாஹ்! நின்று தேய்ந்த கால்களுக்கும் குனிந்து வளைந்த முதுகுகளுக்கும் ஆஃபியத்தைத் தருவாயாக! எங்கள் கையின் கீழுள்ளவர்கள் நாளை மஹ்ஷரில் எங்களுக்கெதிராக முறையிடாத நிலையில் எங்களை எழுப்புவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.